தானியங்கி கியர் பெட்டியும் அதன் சிவப்பு எண்ணெயும்

மோட்டார் வண்டியில் ஊற்றப்படும் எண்ணெய்கள் யாவும் ஒரே வகையான காரியத்தையே செய்கின்றன என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். இரும்பும் இரும்பும் உராயும் இடத்தில் வழுவழுப்பைத் தந்து, தேய்மானத்தைக் குறைத்து, சத்தத்தை அடக்குவதே எண்ணெயின் தொழில் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எஞ்சினுக்கும், காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் சாதாரண கியர் பெட்டிக்கும் இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கிளட்ச் மிதியே இல்லாமல், வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்பத் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் தானியங்கிப் பெட்டிக்குள் இருக்கிற சிவப்பு எண்ணெய் அந்த ஒரு தொழிலோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சினில் பிறக்கும் சக்தியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவதும் அதுவே. எந்தக் கணத்தில் எந்தக் கியர் விழவேண்டும் என்ற கட்டளையை வால்வுகளின் வழியே கொண்டுசெல்வதும் அதுவே. பெட்டிக்குள்ளேயே இருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும், அந்தப் பிடியில் எழும் உஷ்ணத்தைச் சுமந்துசென்று ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்புவதும் அதுவே. ஆகையால், பழைய தானியங்கிக் கார் ஒன்றை வைத்திருப்பவர் அதன் கியர் பெட்டி நெடுங்காலம் உழைக்கவேண்டும் என்று விரும்பினால், முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அந்த எண்ணெயின் நிலையைத்தான். அதை உரிய காலத்தில் மாற்றுவதும், கூடவே ஃபில்டரை மாற்றுவதும் செலவு குறைந்த காரியங்கள். அவற்றை அலட்சியம் செய்ததால் வந்துசேரும் ரிப்பேரோ சில சமயங்களில் வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

எண்ணெய் எவ்வாறு சக்தியைக் கடத்தும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை முதலில் கப்பலில்தான் கிடைத்தது. ஜெர்மானிய எஞ்சினீயரான ஹெர்மன் ஃபெட்டிங்கர், ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் பணியாற்றிய காலத்தில், அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனையும் நிதானமாகச் சுழலவேண்டிய கப்பல் உந்தியையும் இணைப்பதற்கு ஓர் உபாயம் தேடி, 1905-இல் அதற்குக் காப்புரிமை பதிவு செய்தார். இதழ்கள் பொருந்திய இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நிற்க, ஒன்று சுழன்று திரவத்தை வீசுகிறது; அந்த வீச்சின் வேகத்தால் மற்றொன்று சுழல்கிறது; இரண்டுக்கும் இடையில் அமைந்த மூன்றாவது இதழ் வரிசை, திரும்பி வரும் திரவத்தின் திசையைத் திருத்தி, திருப்பு விசையைப் பெருக்கித் தருகிறது. டார்க் கன்வர்ட்டர் என்று இன்று நாம் அழைக்கும் சாதனத்தின் தத்துவம் இவ்வளவே. வண்டி சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் அணைந்துபோகாமல் இருப்பதற்கும், கால் மிதியை அழுத்தியவுடன் குலுங்காமல் வண்டி நகர்வதற்கும் காரணம், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே திடப்பொருளுக்குப் பதிலாகத் திரவம் இருப்பதுதான்.

கன்வர்ட்டருக்கு அடுத்த கட்டத்தில் ஒரு பம்பு இருக்கிறது. எஞ்சின் ஓடும் காலமெல்லாம் அது அடித்தட்டில் தேங்கியிருக்கும் எண்ணெயை ஃபில்டரின் வழியாக உறிஞ்சி, அழுத்தத்துடன் வால்வ் பாடி என்னும் உலோகப் பாளத்துக்குள் செலுத்துகிறது. அந்தப் பாளத்தில் குடையப்பட்ட சிறு வாய்க்கால்களிலும், அவற்றை அடைத்தும் திறந்தும் இயங்கும் வால்வுகளிலும்தான் பழைய தானியங்கிப் பெட்டியின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் காருக்குள் வருவதற்கு முன்பே, வண்டியின் வேகம் எவ்வளவு, ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்ற இரண்டையும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே ஒப்பிட்டு, இரண்டாவது கியரா, மூன்றாவதா என்று தீர்மானித்த யந்திரம் அது. இவ்வளவு சூட்சுமமான வாய்க்கால்களில் ஒரு துணி நூலோ, ஓர் உலோகத் துணுக்கோ சிக்கினால் கட்டளை தவறும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதனால்தான் பம்பின் வாயில் ஃபில்டர் ஒன்று காவல் நிற்கிறது.

எண்ணெயின் அழுத்தத்தால் தானாகக் கியர் மாற்றும் இந்த ஏற்பாடு பொதுமக்கள் வாங்கும் காருக்குள் வந்தது, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ஹைட்ராமேட்டிக் என்ற பெட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியபோது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க டாங்கிகளிலும் அது உழைத்தது. அந்த வழியில் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற பெட்டி 1964-இல் வெளிவந்து, பிற்காலத்தில் ரோல்ஸ்ராய்ஸ், ஜாகுவார் போன்ற ஆங்கிலேய வண்டிகளிலும் இடம்பெற்றது. அதன் இளைய சகோதரனான 350 என்ற பெட்டி, 1969 மாடல் முதல் ஷெவர்லே முதலான வண்டிகளில் ஏராளமாகப் பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பேணுவோர் தம் வீட்டு ஷெட்டிலேயே எண்ணெய் மாற்றிப் பழகிய பெட்டிகளில் முக்கியமானது இந்த 350. அமைப்பில் எளிமையானதாதலால் அதையே இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

எண்ணெயின் சரித்திரத்திலும் நாம் கவனிக்கவேண்டிய ஒரு பாடம் உண்டு. 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ‘டைப் ஏ’ என்ற எண்ணெயிலும், 1967-இல் வந்த டெக்ஸ்ரானிலும், உராய்வின் தன்மையைப் பதப்படுத்துவதற்காகத் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது. கிளட்ச் தகடு பற்றும் தருணத்தில் வெடுக்கென்று இழுக்காமலும், நெடுநேரம் வழுக்காமலும் நயமாகப் பிடிக்கவேண்டும். கடும் உஷ்ணத்திலும் அந்தக் குணம் மாறக்கூடாது. இந்த அரிய பண்பு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயில் இயற்கையாகவே அமைந்திருந்தது. அழியும் அபாயத்துக்கு உள்ளான அந்தப் பிராணியைக் காப்பதற்காக 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதன் எண்ணெயைத் தடை செய்தது. நியாயமான அந்தத் தடைக்குப் பிறகு ரசாயன நிபுணர்கள் மாற்றுக் கலவைகளைத் தேட நேர்ந்தது. முதலில் வந்த கலவை ஒன்று ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெய்க் குளிர்விப்பானையே அரிக்கத் தொடங்க, அதையும் திருத்தவேண்டியதாயிற்று. எண்ணெயில் மிகச் சிறிய பங்கே ஆகும் ஒரு சேர்மானம் மாறினாலும் யந்திரம் முழுவதும் அதை உணரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, எந்த எண்ணெய் என்ற கேள்வியில் ‘ஏதோ ஒன்று’ என்ற விடைக்கு இடமே இல்லை. ஃபோர்டு கம்பெனியின் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு உரிய ‘டைப் எஃப்’ எண்ணெயில், உராய்வை மென்மையாக்கும் சேர்மானம் இல்லை, டெக்ஸ்ரானில் உண்டு. முன்னதற்கென்று அமைந்த தகடுகளுக்குப் பின்னதை ஊற்றினால் பிடி தளர்ந்து வழுக்கும். பின்னதற்குரிய பெட்டியில் முன்னதை ஊற்றினால் ஒவ்வொரு கியரும் முரட்டுத்தனமாக விழும். நாம் எடுத்துக்கொண்ட 350 பெட்டிக்கு டெக்ஸ்ரான் வகையே உரியது. இவ்விரண்டு எண்ணெய்களும் சிவப்பாகவே இருப்பதால், நிறத்தை நம்பி வாங்குவது தகாது. அந்தச் சிவப்பு, எஞ்சின் ஆயிலிலிருந்து வேறுபடுத்திக் காட்டவும், தரையில் ஒழுகிய சொட்டு எங்கிருந்து வந்தது என்று அறியவும் சேர்க்கப்படும் சாயமே தவிர வேறன்று. வண்டியோடு வந்த கையேடு எந்த எண்ணெயைக் குறிப்பிடுகிறதோ அதுவே பிரமாணம்.

இனி, எண்ணெய் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். அதற்குப் பிரதான சத்துரு உஷ்ணம். சுமார் 80 டிகிரி செல்சியஸ் அளவில் வேலை செய்யும்போது நெடுங்காலம் தாங்கும் எண்ணெய், அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 11 டிகிரி உயர்வுக்கும் தன் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பழைய சாதாரண எண்ணெய்களைப் பற்றி மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் கணக்கு. மலைப்பாதையில் பாரம் இழுத்தல், கோடையில் நகர நெரிசலில் ஊர்தல் ஆகியவை இந்த உஷ்ணத்தைக் கூட்டுகின்றன. இன்னொரு காரணம் தேய்மானம். கிளட்ச் தகடுகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பொருள் ஒவ்வொரு முறை பற்றும்போதும் அணுவணுவாகத் தேய்ந்து எண்ணெயில் கலக்கிறது; பற்சக்கரங்களிலிருந்து நுண்ணிய உலோகத் துகளும் கலக்கிறது. ஃபில்டர் பெரிய துணுக்குகளைத் தடுத்தாலும், நுண்ணியவை எண்ணெயோடு சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஃபில்டர் அடைபடத் தொடங்கினால் பம்புக்குப் போதிய எண்ணெய் கிடைக்காது. பம்பின் அழுத்தம் குறைந்தால் தகடுகளின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் வழுக்கும். வழுக்கினால் உஷ்ணம் ஏறும். உஷ்ணம் ஏறினால் எண்ணெய் மேலும் கெடும். ஒன்றையொன்று வளர்க்கும் இந்தக் கேடுகளின் தொடரை ஆரம்பத்திலேயே அறுப்பதுதான் எண்ணெய் மாற்றுவதன் நோக்கம்.

மாற்றுவதற்கு முன் பரீட்சை அவசியம். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேறச் செய்து, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே கியர் கோலை ஒவ்வொரு நிலைக்கும் நிதானமாக நகர்த்தி, பார்க் நிலையில் கொண்டுவந்து வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவிப் பார்ப்பது ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளுக்குரிய கிரமம். கிரைஸ்லர் கம்பெனியின் டார்க்ஃப்ளைட் பெட்டியிலோ நியூட்ரலில் வைத்தே பார்க்கவேண்டும்; பார்க் நிலையில் அதன் கன்வர்ட்டர் நிரம்புவதில்லை. ஹோண்டா வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்ப்பது வழக்கம். முறை தெரியாமல் பார்த்தால் குறைவாக இருப்பது நிறைவாகவும், நிறைவாக இருப்பது குறைவாகவும் தோன்றும்.

அளவைப் பார்த்தபின், அந்த எண்ணெயில் சில துளிகளை வெள்ளைத் துணியிலோ காகிதத்திலோ ஒற்றிப் பார்க்கவேண்டும். தெளிந்த சிவப்பாக இருந்தால் நலம். பழுப்பேறியிருந்தாலும் தீய்ந்த நாற்றம் இல்லையென்றால், காலம் கடந்துவிட்டது என்பதைத் தவிர வேறு கவலை இல்லை. கறுத்து, கருகிய வாடையும் வீசி, விரலில் தேய்த்தால் நெருநெருவென்று துகள் தட்டுப்பட்டால், தகடுகள் ஏற்கெனவே எரிந்திருக்கின்றன என்று அறியலாம். ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்துக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்தத் தண்ணீர் தகடுகளின் பசையையே கரைத்துவிடும் ஆதலால், அத்தகைய வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. எண்ணெய் அடிக்கடி குறைகிறது, தரையிலோ ஒரு சொட்டும் இல்லை, புகைக்குழாயில் மட்டும் வெண்புகை கிளம்புகிறது என்றால், 350 பெட்டியில் வேக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு உறுப்பைச் சந்தேகிக்கவேண்டும். அதற்குள் இருக்கும் சவ்வு கிழிந்தால், எஞ்சின் தன் உறிஞ்சு விசையால் கியர் எண்ணெயைக் குடித்து எரித்துவிடும்.

நெடுங்காலம் எண்ணெயே மாற்றாத வண்டியில் புதிதாக மாற்றினால் கியர் பெட்டி செத்துவிடும் என்ற அச்சம் பல நாட்டு ஒர்க்‌ஷாப்புகளிலும் வழங்குகிறது. இந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது, வேதவாக்காக ஏற்கவும் முடியாது. பலர் எண்ணெய் மாற்றவேண்டும் என்று நினைப்பதே, வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகுதான். அப்போது தகடுகள் தேய்ந்து முடிந்திருக்கும். புது எண்ணெய் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அவை சில நாளில் கைவிடத்தான் போகின்றன. பழி மட்டும் புது எண்ணெயின் மேல் விழுகிறது. ஆகையால் விவேகமான தீர்மானம் இதுவே: எண்ணெய் பழுப்பாக இருந்தும் கியர்கள் ஒழுங்காக விழுகின்றனவானால், தயங்காமல் மாற்றலாம், கருகிய வாடையும் வழுக்கலும் சேர்ந்திருந்தால், அந்தப் பணத்தைப் பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவுக்குச் சேமித்து வைப்பது மேல்.

இனி, மாற்றும் முறைக்கு வருவோம். எண்ணெய் இளஞ்சூடாக இருந்தால் எளிதில் வடியும். ஆனால் கொதிக்கும் சூட்டில் அடியில் படுத்து வேலை செய்வது கைக்கும் முகத்துக்கும் அபாயம். வண்டியை உயர்த்தியபின் ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருபோதும் அடியில் புகக்கூடாது. இரும்புத் தாங்கிகளை உறுதியான இடங்களில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே படுக்கவேண்டும். அவசரத்தில் இந்த ஒன்றை மறந்தவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

350 பெட்டியின் அடித்தட்டைப் பதின்மூன்று போல்ட்டுகள் தாங்குகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த தட்டில் பெரும்பாலும் வடிகால் திருகு இருப்பதில்லை. எனவே அகலமான பாத்திரம் ஒன்றை அடியில் வைத்துக்கொண்டு, பின்புறத்துப் போல்ட்டுகளை முழுதும் கழற்றி, முன்புறத்தவற்றைச் சில சுற்று மாத்திரம் தளர்த்தினால், தட்டு ஒரு பக்கம் சாய்ந்து எண்ணெய் அந்தப் பக்கமாக வழியும். பெரும்பகுதி வடிந்தபின் தட்டைக் கையால் தாங்கிக்கொண்டே மீதி போல்ட்டுகளைக் கழற்றி இறக்கவேண்டும். பிறகு பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதில் தேங்கியிருக்கும் எண்ணெயும் கொட்டும். பாத்திரத்தை அதுவரை அகற்றலாகாது.

இறக்கிய தட்டைக் கழுவுவதற்கு முன் நிதானமாகப் பார்க்கவேண்டும். கியர் பெட்டியின் கடந்தகாலம் முழுவதும் அதில் படிந்திருக்கிறது. அடியில் மெல்லிய சாம்பல் நிற வண்டல் இருப்பது இயற்கையான தேய்மானம். சில வண்டிகளின் தட்டில் இதற்கென்றே காந்தம் ஒன்று வைத்திருப்பார்கள். ஆனால் இரும்புச் சிம்புகளோ, பித்தளை மினுக்கமோ, கறுத்த தகட்டுத் துணுக்குகளோ காணப்பட்டால், உள்ளே ஏதோ ஓர் உறுப்பு சிதைந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

தட்டைச் சுத்தம் செய்து, நூல் உதிராத துணியால் துடைத்தபின், அதன் விளிம்பையும் பரிசோதிப்பது நல்லது. முன்பு யாரேனும் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால், துளையைச் சுற்றி உலோகம் குழிந்திருக்கும்; அந்தக் குழிவை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி நேராக்காவிட்டால் எத்தனை புதிய கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும். புது ஃபில்டரைப் பொருத்தியபின், கேஸ்கெட்டை உலர்ந்தபடியே வைக்கவேண்டும். சிலிக்கோன் பசை தடவினால் அதன் பிதுங்கிய பிசிறுகள் உள்ளே உதிர்ந்து வால்வுகளை அடைக்கக்கூடும். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, சுமார் 16 நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். எண்ணெய் ஒழுகுவதற்குத் தளர்ந்த போல்ட் எவ்வளவு காரணமோ, மிகையாக முறுக்கப்பட்ட போல்ட்டும் அவ்வளவு காரணம்.

புது எண்ணெயை அளவுகோல் நுழையும் குழாய் வழியாகவே நீண்ட புனலைக் கொண்டு ஊற்றவேண்டும். வடிந்ததை அளந்து வைத்திருந்தால், அதைவிடச் சற்றுக் குறைவாக முதலில் ஊற்றி, எஞ்சினை இயக்கி, கியர் கோலை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, சூடேறியபின் மறுபடி அளந்து, குறையைச் சிறிது சிறிதாக நிரப்புவதே முறை. ஜெனரல் மோட்டார்ஸ் அளவுகோலில் ‘ஊற்று’ என்ற கோட்டுக்கும் ‘நிறைவு’ என்ற கோட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய அரை லிட்டரே. அளவு மிஞ்சினால், சுழலும் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரையில் இருக்கும் காற்று அழுத்தத்தைத் தாங்காது. குறைந்த எண்ணெயால் விளையும் அதே வழுக்கல் மிகுந்த எண்ணெயாலும் விளையும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும், பெட்டியில் இருந்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு அளவே வெளியே வந்திருக்கும் என்பதைப் பலர் அறியார். பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடுகிறது. பழைய மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள் பலவற்றில் கன்வர்ட்டருக்கும் ஒரு வடிகால் திருகு வைத்திருந்தார்கள். 350 போன்றவற்றில் அந்த வசதி பொதுவாகக் கிடையாது. யந்திரத்தை இணைத்து அழுத்தத்தால் முழுவதையும் அலசி எடுப்போர் உண்டு. நெடுங்காலம் கவனிக்கப்படாத பெட்டியில், படிந்து கிடந்த கசடுகளை அது கிளப்பிவிடக்கூடும் என்பதால், பொறுமையான வழியே மேலானது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை, பின்னர் இன்னும் ஒருமுறை என்று மூன்று தடவை மாற்றினால், கணக்குப்படி பத்தில் ஏழு பங்கு எண்ணெய் புதியதாகிவிடும். வடிகால் திருகுள்ள தட்டை வாங்கிப் பொருத்திவிட்டால், அடுத்த தடவைகளில் தட்டை இறக்கும் சிரமமும் இல்லை. வடித்த எண்ணெயை மண்ணிலும் சாக்கடையிலும் கொட்டாமல், பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைப்பது இந்தக் காரியத்தின் கடைசிக் கடமை.

நம் நாட்டில் தானியங்கிக் கார் வாங்குவோர் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. 2014-இல் மாருதி செலேரியோவுடன் இங்கு பிரபலமான ஏஎம்டி என்பது, சாதாரண கியர் பெட்டியையே ஒரு கருவி நம் கைக்குப் பதிலாக இயக்கும் ஏற்பாடு; அதில் டார்க் கன்வர்ட்டர் இல்லை, மேலே சொன்ன சிவப்பு எண்ணெயின் காரியங்களும் இல்லை. சிவிடி என்ற வகைக்கோ அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. கன்வர்ட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கே இக்கட்டுரையில் கூறியவை பொருந்தும்.

பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் அளவுகோலையே எடுத்துவிட்டு, எண்ணெயை மாற்றவே வேண்டியதில்லை என்று கார் கம்பெனிகள் கூறுவதுண்டு. ஆனால் அத்தகைய பெட்டிகளைச் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெய் மாற்றும்படி சொல்கிறது. செய்தவர் சொல்வதை ஏற்பதே புத்திசாலித்தனம். உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டி ஓடினால் விற்றவருக்குப் போதும். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடவேண்டும் என்பது வைத்திருப்பவரின் விருப்பம். ஆகவே அந்த விருப்பத்துக்கு உரிய முயற்சியும் அவருடையதாகவே இருக்கவேண்டும். பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தவுடன், அதன் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், அளவுகோலை உருவி நிறத்தையும் மணத்தையும் பார்த்து, தகுதியுள்ளதென்று கண்டால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, மாற்றிய தேதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பதே முதல் காரியம். அன்று தொடங்கி அந்தப் பெட்டியின் வரலாறு தெரிந்த வரலாறாகிவிடும். அடுத்து வாங்குபவருக்கும் அந்த நோட்டு பயன்படும்.